பிரதமரை வீட்டுக்கு அனுப்பிய பென்னலாங்

எல்லோருக்கும் வணக்கம்.

சிட்னியில் பரமட்டா ஆற்றங்கரையோரம் பட்னி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே சாதாரண வீடொன்றின் மண்ணுக்கடியில் பென்னலாங் புதைக்கப்பட்டிருக்கிறார் என்று நம்பப்படுகிறது. வங்கால் என்ற பழங்குடிக் குலத்தைச் சேர்ந்தவர். 1789-இல் பிரிட்டிஷ் ஆளுநர் பிலிப்பின் உத்தரவால் பிடிபட்டு, இங்கிலாந்து வரை போய்த் திரும்பி, 1813-இல் இறந்தவர். 1949-இல் ஒரு கூட்டாட்சி நாடாளுமன்றத் தொகுதிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். ஆனால் நாடெங்கும் உள்ள பழங்குடி மக்கள் எல்லோருக்கும் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1962-இல்தான். இதைச் சொல்லாமல் பென்னலாங்கின் தேர்தல் கதையைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் 58 ஆண்டுகள் இது லிபரல் கட்சியின் கோட்டை. 1949 முதல் 1974 வரை ஜான் கிரேமர், அதன்பின் ஜான் ஹோவர்ட். அவ்வளவுதான், இரண்டே உறுப்பினர்கள். ஹோவர்ட் 1996-இல் பிரதமரும் ஆனார்.

கட்சி மாறவில்லை, தெருக்கள் மாறிக்கொண்டிருந்தன. தொகுதி மறுசீரமைப்பு வரும்போதெல்லாம் எல்லைக்கோடு மேற்கே நகர்ந்தது. ஈஸ்ட்வுட், எப்பிங் பக்கம் சீன, கொரியக் குடும்பங்கள் வந்து குடியேறின. கிரானி ஸ்மித் ஆப்பிள் பிறந்த ஊர் அந்த ஈஸ்ட்வுட். இன்று அங்கே கடைப் பலகைகளில் மூன்று மொழிகளைப் பார்க்கலாம்.

2007-இல் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் மாக்சின் மெக்யூ லேபர் கட்சி சார்பில் ஹோவர்டை எதிர்த்து நின்றார். நவம்பர் 24, வாக்குப்பதிவு நாள். ஆஸ்திரேலியாவில் வாக்குச்சீட்டில் ஒரு பெயருக்கு நேராக மட்டும் குறியிட்டுவிட்டு வந்துவிட முடியாது. பள்ளிக்கூட அரங்கில் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்று, பென்சிலால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 1, 2, 3 என்று எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த எண் காட்டும் ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அன்று முதல் எண்ணிக்கையில் முன்னால் நின்றவர் ஹோவர்ட்தான், அதுவும் மயிரிழையில். இருவருக்குமே 45 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய வாக்குகள். மற்றவர்களின் சீட்டுகள், முக்கியமாக கிரீன்ஸ் கட்சியுடையவை, பிரிந்து போய்ச் சேர்ந்தபோது மெக்யூ முந்தினார். வித்தியாசம் சுமார் 2,400 வாக்குகள். பதவியில் இருக்கும் பிரதமர் சொந்தத் தொகுதியை இழப்பது 1929-இல் ஸ்டான்லி புரூஸுக்குப் பிறகு அதுவே முதல் முறை. மெக்யூவை முதல் எண்ணாக எழுதாத ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துதான் அவரை வெற்றி பெறச் செய்தார்கள். அந்த இரண்டாவது, மூன்றாவது எண்ணை யோசித்து எழுதுங்கள் என்று, புதிதாகக் குடியுரிமை வாங்கி இங்கே வந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, அதோடு தொகுதி லேபர் கைக்குப் போய்விட்டதா என்றால், இல்லை. மூன்றே ஆண்டில், 2010-இல், முன்னாள் டென்னிஸ் வீரர் ஜான் அலெக்சாண்டர் அதை லிபரலுக்கு மீட்டார். 2017-இல் இரட்டைக் குடியுரிமைச் சிக்கலில் பதவி விலகினார். டிசம்பர் இடைத்தேர்தலில் லேபர் வேட்பாளர் கிறிஸ்டினா கெனீலியைத் தோற்கடித்துத் திரும்பி வந்தார். 2022-இல் அவர் போட்டியிடவில்லை. ரைட் நகர மேயராக இருந்த ஜெரோம் லக்சால் லேபருக்காக மிகக் குறைந்த வித்தியாசத்தில் வென்றார்.

அப்புறம் மறுபடியும் எல்லைக்கோடு. பழைய பென்னலாங்கில் இருந்த லேன் கோவ், ஹண்டர்ஸ் ஹில் பகுதிகள் திரும்ப வந்து சேர்ந்தன. பழைய வாக்குகளைப் புதிய எல்லைக்குள் வைத்துக் கணக்கிட்டவர்கள், தொகுதி நூலிழையில் லிபரல் பக்கம் சாய்ந்துவிட்டது என்றார்கள். 2025 மே மாதம் அதே லேன் கோவிலும் ஹண்டர்ஸ் ஹில்லிலும் பென்சில்கள் ஓடின. இந்த முறை லக்சால் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.