கட்டிக்கு ரோடு போட்டுக் குடுக்கறது யாரு? வாய் கேன்சரும் அதோட அக்கம்பக்கமும்

[திரையில: தாராவி 90 அடி ரோடு, காலை நேரம், ஒரு பான் டப்ரி. கடைக்காரரோட கை மட்டும்.]

இந்தக் கையப் பாருங்க. சீவுன சுபாரி, அதாவது பாக்கு, அது மேல கொஞ்சம் தம்பாக்கு, அதாவது புகையிலை, ஒரு சொட்டு சுண்ணாம்புத் தண்ணி, எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் தாள்ல போட்டு சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டி உள்ளங்கையில வச்சு தேய்ச்சுக்கிட்டே இருக்காரு. இதான் மாவா. திருநெல்வேலி பக்கத்துல இருந்து தாத்தா காலத்துலயே வந்து இங்க செட்டிலான நம்ம ஆளுங்கள்லயும் நிறைய பேரு இத கன்னத்துல அடக்கிட்டுதான் வேலைக்கே கிளம்புவாங்க.

வணக்கம் மக்களே. புகையிலை உடம்புக்குக் கெடுதல்னு சொல்றதுக்கு இந்த வீடியோ இல்ல, அத பாக்கெட்டுலயே படம் போட்டு சொல்லிட்டாங்க. நான் கேக்கற கேள்வி வேற. கன்னத்துல வந்த கட்டி கன்னத்துலயே இருக்காம கழுத்துக்கு எப்படி இறங்குது? யாரு வழி விடறா?

இது நமக்கு சின்ன விஷயம் இல்ல. 2020 உலகக் கணக்குப்படி அந்த ஒரு வருஷத்துல மட்டும் இந்தியாவுல 1 லட்சத்து 35 ஆயிரம் பேருக்கு மேல புதுசா வாய் கேன்சர், நம்ம ஊரு ஆம்பளைங்களுக்கு வர்ற கேன்சர்ல இதுதான் முதல் இடம்.

[திரையில: மைக்ராஸ்கோப் படம், ஊதாவும் ரோஸும்.]

இது வாய் கேன்சர் கட்டியில இருந்து சீவுன ஒரு துண்டு. ஊதா கலர்ல திட்டுத்திட்டா இருக்கே, அது கேன்சர் செல். நடுவுல வெங்காயத்த குறுக்க வெட்டுன மாதிரி சுருள் சுருளா ரோஸா தெரியுது பாருங்க, அது கெராட்டின், நம்ம நகத்துல இருக்கற அதே சரக்குதான். எல்லாரும் ஊதாவத்தான் பாப்பாங்க, நீங்க அத விட்டுட்டு சுத்தி ஓடுற ரோஸ் நாரப் பாருங்க. அதுக்குள்ள ஒல்லியா நீளமா கிடக்கற செல்லுங்க பேரு ஃபைப்ரோபிளாஸ்ட், அதுங்க கேன்சரே இல்ல, உங்க சொந்த செல்லு, சொல்லப்போனா நல்ல செல்லு.

சிப்ஸ் குத்தி கன்னத்துல கீறல் விழுந்துச்சுன்னு வைங்க, உடனே ஓடி வர்ற கொத்தனாருங்க இதுங்கதான். கொலாஜன் நார போட்டு, புண்ண இழுத்து மூடி, வேலை முடிஞ்சதும் பெரும்பாலும் கலைஞ்சு போயிடும். கட்டி என்ன பண்ணுதுன்னா, டிஜிஎஃப் பீட்டா மாதிரி சிக்னல விடாம அனுப்பி, இங்க புண்ணு இருக்கு வா வான்னு கூப்டுக்கிட்டே இருக்கு, கொத்தனாருக்கு வேலை முடிஞ்சுதுன்னு சொல்லவே ஆளில்ல, அதனால ஓவர்டைம் மேல ஓவர்டைம். 1986-ல ஹெரால்ட் ட்வோராக்னு ஒரு அமெரிக்க பேத்தாலஜிஸ்ட் எழுதினாரு, கட்டின்றது ஆறாத புண்ணுன்னு. எனக்குத் தெரிஞ்சு இத இவ்வளவு சுருக்கா வேற யாரும் சொல்லல.

அவருக்கும் முன்னாடி 1889-ல லண்டன் டாக்டர் ஸ்டீஃபன் பேஜெட், மார்பகப் புற்றுநோய்ல இறந்துபோன 735 பெண்களோட ரெக்கார்டுகள அலசிப் பாத்தாரு. பரவுறது கண்ட இடத்துக்கும் பரவல, குறிப்பிட்ட சில உறுப்புகளையே தேடிப் போயிருக்கு. விதை நாலா பக்கமும் பறந்தாலும் ஒத்துக்கற மண்ணுலதான் முளைக்கும்னு முடிவுக்கு வந்தாரு. (நம்ம ஊரு விவசாயி யாரக் கேட்டிருந்தாலும் இத அன்னிக்கே சொல்லியிருப்பாங்க, சரி விடுங்க.)

இப்ப வழி விடற கதைக்கு வருவோம். 2007-ல லண்டன்ல ஒரு லேப்ல கொலாஜன் ஜெல் மேல ஸ்குவாமஸ் கேன்சர் செல்லுங்கள தனியா விட்டுப் பாத்தாங்க, வாய்ல வர்ற கேன்சர் பெரும்பாலும் இந்த வகைதான். அதுங்களால உள்ள இறங்க முடியல. கூட ஃபைப்ரோபிளாஸ்ட்ட சேத்து விட்டதும் வரிசை கட்டி இறங்குது, அந்த வரிசைக்கு முன்னாடி போறது ஃபைப்ரோபிளாஸ்ட், பின்னாடிதான் கேன்சர். அதுக்கப்புறம் பண்ணதுதான் எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு: ஃபைப்ரோபிளாஸ்ட்ட முதல்ல உள்ள விட்டு, அப்புறம் அத அழிச்சிட்டு, வெறும் ஜெல்லுல கேன்சர் செல்ல விட்டாங்க. அப்பவும் இறங்குது. கொத்தனாரு போயிட்டாரு, அவரு குடைஞ்ச சந்து அப்படியே இருக்கு.

2017-ல பாஸ்டன்ல இருந்து வந்த ஆய்வு இன்னும் கிட்டக்க போச்சு. 18 பேரோட தலை கழுத்து கேன்சர்ல இருந்து, அதுல அதிகமும் வாய் கட்டிங்கதான், சுமார் 6,000 செல்ல ஒவ்வொண்ணா பிரிச்சு எந்தெந்த ஜீன் வேலை செய்யுதுன்னு பாத்தாங்க. கட்டியோட ஓரத்துல, ஃபைப்ரோபிளாஸ்ட்டோட ஒட்டி நிக்கற கேன்சர் செல்லுங்க மட்டும் பாதி வேஷம் மாத்தியிருக்கு, பழைய குணமும் விடல, நகர்ற குணமும் வந்துடுச்சு. அந்த குணம் அதிகமா இருந்த கட்டிங்கதான் கழுத்து நெறிகட்டிக்கு, அதாவது நிணநீர் முடிச்சுக்கு, அதிகமா போயிருந்துச்சு.

கழுத்துன்றது எவ்வளவு முக்கியம்னா, மும்பை பரேல்ல இருக்கற டாட்டா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரி 2015-ல ஒரு ட்ரயல் ரிசல்ட் வெளியிட்டாங்க. ஆரம்ப கட்ட வாய் கேன்சர், கழுத்துல கட்டி எதுவும் தெரியல, அப்பவே வாய் ஆபரேஷனோட சேத்து கழுத்து நெறிகட்டியையும் எடுத்துட்டா மூணு வருஷத்துல 80 சதவீதம் பேரு உயிரோட, அப்புறம் வந்தா பாத்துக்கலாம்னு விட்டவங்கள்ல 67.5 சதவீதம். கைக்குத் தட்டுப்படறதுக்கு முன்னாடியே செல்லு கிளம்பிப் போயிடுது.

அக்கம்பக்கத்துல வாட்ச்மேனும் உண்டு. மேக்ரோஃபேஜ், டி செல்னு நோய் எதிர்ப்பு செல்லுங்க எல்லாம் கேன்சர பிடிக்கத்தான் வருது, ஆனா மேக்ரோஃபேஜ கட்டி தன் பக்கம் இழுத்துக்கும், டி செல்லு தலையில பிரேக் மாதிரி ஒரு பட்டன் இருக்கு, அதப் போய் அமுக்கி வச்சிடும். அந்தக் கைய எடுத்து விடறதுதான் நிவோலுமாப் மாதிரி மருந்து. விலை கேட்டா மயக்கம் வரும். அதே டாட்டா மெமோரியல்ல 2022-ல, வழக்கமா 240 மில்லிகிராம் போடற இடத்துல 20 மில்லிகிராம் மட்டும், மூணு வாரத்துக்கு ஒருக்கா, மாத்திரை கீமோவோட சேத்துக் குடுத்தாங்க. குணமாக்க முடியாத நிலையில இருந்த தலை கழுத்து கேன்சர் நோயாளிங்க. ஒரு வருஷம் தாண்டினவங்க, மாத்திரை கீமோ மட்டும் எடுத்தவங்கள்ல 16.3 சதவீதம், இதையும் சேத்து எடுத்தவங்கள்ல 43.4 சதவீதம்.

அப்ப கொத்தனாருங்கள மொத்தமா காலி பண்ணிடலாமேன்னு தோணுதுல்ல? 2014-ல எலிங்களோட கணையக் கேன்சர்ல அதப் பண்ணிப் பாத்தாங்க, கட்டி இன்னும் மோசமாச்சு. அதே நாரு ஒரு பக்கம் சந்துன்னா இன்னொரு பக்கம் மதில் சுவரு. அதனால இப்ப ஆராய்ச்சி, ஆள ஒழிக்கறத விட்டுட்டு அவங்க புத்திய எப்படி மாத்தறதுன்னு போய்க்கிட்டிருக்கு.

இங்கதான் நம்ம சுபாரி வருது. பாக்குல இருக்கற அரெக்கோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்ட உசுப்பேத்தும், அதுல இருக்கற தாமிரம் நார முறுக்கி இறுக்குற என்சைம ஏத்தி விடும், ஆக கட்டின்னு ஒண்ணு வர்றதுக்கு வருஷக்கணக்கா முன்னாடியே மண்ணு மாறிடுது. கன்னத்து உள்பக்கம் நாரா இறுகிப் போற இதுக்கு சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்னு பேரு. புகையிலையே இல்லாத வெறும் பாக்கும் கேன்சர் தரும்னு 2004-லயே உலக சுகாதார அமைப்போட ஆய்வு நிறுவனம் சொல்லிடுச்சு. ஆனா ஒரு முரண் பாருங்க, இந்த இறுகுன வாயில வர்ற கேன்சரு கழுத்துக்கு கொஞ்சம் கம்மியாவே பரவுதுன்னும் சில ஆய்வு சொல்லுது. மதிலா சந்தா, ரெண்டுமா, இன்னும் சண்டை ஓயல.

எங்க சால்ல, அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்புல, கீழ் வீட்டு அண்ணனுக்கு முதல்ல வந்தது வலி இல்ல, எரிச்சல். ரசம் கூட எரியுதுன்னாரு. அப்புறம் வடாபாவ பிச்சுப் பிச்சு சாப்பிட ஆரம்பிச்சாரு, நாங்க ஏதோ டயட்டுன்னு கிண்டல் பண்ணோம். பக்கத்து கிளினிக்ல மாசக்கணக்கா பி காம்ப்ளக்ஸும் வாய்ப்புண் ஜெல்லும் குடுத்தாங்களே தவிர டார்ச் அடிச்சு ஒருத்தரும் பாக்கல. கன்னத்து உள்பக்கம் தடவுனா நரம்பு புடைச்ச மாதிரி பட்டை பட்டையா நாரு. ரெண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணு, வெள்ளை இல்ல சிவப்பு திட்டு, வாய் தொறக்கறது குறையறது, இதுல எது இருந்தாலும் நேரா வாய் டாக்டர்கிட்ட காட்டுங்க.

[திரையில: மூணு விரல், ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி.]

இப்படி நிமித்தி வச்சு, மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவுல விட்டுப் பாருங்க. உங்க விரலு, உங்க வாயி. ஷூட் முடிஞ்சதும் டப்ரிக்காரரையும் வைக்கச் சொன்னேன். ரெண்டுதான் போச்சு. சிரிச்சிட்டே அடுத்த பொட்டலத்த தேய்க்க ஆரம்பிச்சிட்டாரு.