டர்பன் மறக்காத வலங்கைமான்காரர்

எல்லோருக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வலங்கைமான் வந்துவிடும். பாடைக்காவடிக்காக அந்த ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் போனவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள், தீபாவளிக்குப் பட்டாசு வாங்கப் போனவர்களும் இருப்பீர்கள். அந்த ஊரில் 1869 செப்டம்பர் 22-ஆம் தேதி ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்து, இதே கும்பகோணத்தில் படித்து, பிற்பாடு தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் முதல் ஏஜென்டாகப் போன வி. எஸ். சீனிவாச சாஸ்திரியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். தூதர் என்று இன்று நாம் சொல்லும் வேலையைத்தான் அவர் செய்தார். அந்த நாளில் அந்தப் பதவிக்கு அவ்வளவு பெரிய பெயர்கூட இல்லை.

என் ஆதங்கத்தை முதலிலேயே கொட்டிவிடுகிறேன். சாஸ்திரியை நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம்: மிதவாதி. 1922-ல் காங்கிரஸை விட்டு விலகினார், ஒத்துழையாமையை ஏற்கவில்லை, வைசிராய்களோடு பழகினார், ஆகவே அவர் அந்தப் பக்கத்து ஆள் என்று தள்ளிவைத்தாயிற்று. ஆங்கிலத்தை அவர் பேசிய அழகை மட்டும் யாராவது எப்போதாவது சிலாகிப்பார்கள். கடல் கடந்து கூலிக்குப் போன நம் ஜனங்களுக்காக அவர் பட்ட பாட்டைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக எடுக்கப்பட்டவர்கள். அன்று தொடங்கி 1911 வரைக்கும் சுமார் 1,52,000 பேர் போனார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள், அதாவது தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே தங்க நினைத்தவர்கள் தலைக்கு வருஷம் மூன்று பவுண்ட் வரி கட்ட வேண்டியிருந்தது. அதை எதிர்த்த போராட்டமும், தில்லையாடி வள்ளியம்மை 1914-ல் உயிரை விட்டதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்த வருஷமே காந்தி அங்கிருந்து புறப்பட்டுவிட்டார். நம் பாடப்புத்தகங்களும் அவர் கூடவே கப்பலேறி வந்துவிட்டன, அங்கேயே தங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் பாடு மோசமாகத்தான் ஆனது. 1925-ல் தென்னாப்பிரிக்க உள்துறை அமைச்சர் டி. எஃப். மலான் ஒரு மசோதா கொண்டுவந்தார். இந்தியர் எங்கே குடியிருக்கலாம், எங்கே கடை வைக்கலாம் என்று தனி எல்லை கிழிக்கும் மசோதா. ஆமாம், 1948-ல் பிரதமராகி இன ஒதுக்கல் கொள்கையை நாட்டின் சட்டமாக்கினாரே, அதே மலான். அதைத் தடுக்கத்தான் 1926 டிசம்பரில் கேப்டவுனில் இரு அரசுகளும் பேச உட்கார்ந்தன. முகம்மது ஹபிபுல்லா தலைமையில் போன இந்தியக் குழுவில் சாஸ்திரியும் ஒருவர். மசோதா திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவுக்குத் திரும்ப விரும்பும் பெரியவர்களுக்கு 20 பவுண்ட், பிள்ளைகளுக்கு 10 பவுண்ட், கூடவே கப்பல் கூலி என்று ஏற்பாடு. தங்குகிறவர்களை மற்ற குடிமக்களுக்குப் பின்தங்க விடமாட்டோம், கல்வியிலும் வாழ்க்கையிலும் மேலே கொண்டுவருவோம் என்று தென்னாப்பிரிக்க அரசு எழுதிக் கொடுத்தது. இந்தியாவின் ஏஜென்ட் ஒருவர் அங்கேயே இருப்பார் என்பதும் முடிவானது.

யாரை அனுப்புவது? சாஸ்திரிதான் போக வேண்டும் என்று வற்புறுத்தியவர் காந்தி. இருவருக்கும் அரசியலில் ஒத்தே போகாது, ஆனாலும் தன்னைவிடப் பத்து நாள் மூத்தவரான சாஸ்திரியைக் காந்தி அண்ணனாகவே வைத்திருந்தார். சாஸ்திரிக்கு அப்போது வயது 57. உடம்பும் சரியில்லை. ஒரு வருஷம் என்ற எண்ணத்தில் 1927 ஜூனில் போய் இறங்கியவர், 1929 தொடக்கம் வரைக்கும் இருந்தார்.

அவர் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. அவர் பின்னால் நின்ற இந்திய அரசே லண்டனுக்குக் கட்டுப்பட்டது. எதிரே இருந்ததோ சொந்தப் பாராளுமன்றம் வைத்துத் தன்னாட்சி நடத்திய ஒரு வெள்ளை அரசு. ஓட்டுரிமை இல்லாத மக்களுக்காக, ஓட்டு வைத்திருப்பவர்களுக்குப் பயந்த அமைச்சர்களிடம் பேசிக் காரியம் சாதிக்க வேண்டும். அவரிடம் இருந்தது நாக்கும் பொறுமையும்தான். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பல வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர் இல்லையா, புரியாதவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல அவருக்கு அலுத்ததே இல்லை. வெள்ளையர் சங்கங்கள், சர்ச்சுகள், நகர மண்டபங்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இந்தியன் என்றால் கூலி, கடைக்காரன் என்று மட்டும் கேட்டுப் பழகிய ஜனங்கள், தங்கள் மொழியைத் தங்களைவிட நன்றாகப் பேசும் ஒரு தலைப்பாகைக்காரரை வாய் மூடாமல் பார்த்தார்கள்.

பேச்சுக்கெல்லாம் பலன் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். அவர் இருந்த காலத்தில் ஒரு மது விற்பனை மசோதா வந்தது. அதில் 104-ஆவது பிரிவு என்று ஒன்று. மது விற்கும் இடங்களில் இந்தியர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சொன்னது அது. படித்துப் பார்த்தால் ஒழுக்கத்தைக் காக்க வந்த சட்டம் போலத்தான் இருக்கும். ஆனால் நேட்டால் ஓட்டல்களில் மேஜைக்கு மேஜை தட்டு ஏந்திப் போனவர்கள் யார்? கரும்புத் தோட்டத்திலிருந்து வெளியே வந்த கூலிகளின் பிள்ளைகள். அப்பன் கத்தி பிடித்துக் கரும்பு வெட்டினான், மகன் வெள்ளைச் சட்டை போட்டுச் சாப்பாடு பரிமாறினான், அந்தக் குடும்பம் ஏறிய ஒரே படி அதுதான். சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயினையும் கொண்டுபோய் வைக்க முடியாத ஆளை எந்த ஓட்டல் முதலாளி வேலையில் வைத்திருப்பான்? ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு அணைந்திருக்கும். சாஸ்திரி அமைச்சர்களைப் பார்த்தார், உறுப்பினர்களைப் பார்த்தார், விடாமல் வாதாடினார். அந்தப் பிரிவு போயிற்று. அந்தப் பரிசாரகர்களுக்கு அவர் மிதவாதியா தீவிரவாதியா என்ற கவலை இருந்திருக்குமா?

அப்புறம் காகிதமில்லாதவர்கள் விஷயம். குடியேற்றச் சட்டம் இறுகிய பிறகு, வேறு ஒருவர் பெயரிலோ தவறான சான்றிதழிலோ உள்ளே வந்தவர்கள் பலர். வருஷக்கணக்காகக் கடை நடத்துவான், பிள்ளை குட்டி இருக்கும், ஆனால் கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும். அவர்கள் தாங்களாகவே வந்து உண்மையைச் சொன்னால் மன்னித்துப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்கும் ஓர் ஏற்பாட்டை 1928-ல் சாஸ்திரி அரசோடு பேசிக் கொண்டுவந்தார். நம்மவர்களிலேயே ஒரு சாரார் அதை எதிர்த்தார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிறாரே என்று கொதித்தார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு, எழுதிக் கொடுத்த பிறகு அரசு வாக்கு மாறினால் யாரைப் போய்க் கேட்பது? அந்த நம்பிக்கைக்குச் சாஸ்திரி தன் பெயரையே ஈடாக வைத்தார்.

எல்லா இடத்திலும் மாலை மரியாதை கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1928-ல் டிரான்ஸ்வாலில் கிளெர்க்ஸ்டார்ப் என்ற ஊரில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த ஊர்த் துணை மேயரே ஒரு கும்பலைச் சேர்த்துக்கொண்டு வந்து கூட்டத்தைக் கலைத்தார். குண்டு வைக்கும் அளவுக்குப் போனார்கள். சாஸ்திரிக்குக் காயமில்லை. அதற்காக அவர் ஊரூராகப் பேசுவதை நிறுத்தவும் இல்லை.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன், என் மனசுக்கு மிகவும் பிடித்த இடம் இது. அன்றைக்கு நேட்டாலில் இந்தியப் பையன் ஆரம்பப் பள்ளி தாண்டினால் மேலே படிக்க வழி இல்லாத மாதிரிதான். கேப்டவுன் ஒப்பந்தத்தில் 'மேலே கொண்டுவருவோம்' என்ற ஒரு வரி இருந்ததே, அந்த வரியைச் சாஸ்திரி பிடித்துக்கொண்டார். அரசு கட்டித் தரட்டும் என்று காத்திருக்கவில்லை. டர்பன் நகராட்சியிடம் இடம் கேட்டு வாங்கினார், அங்கிருந்த இந்தியர்களிடமே துண்டை ஏந்தினார். சுமார் 20,000 பவுண்ட் சேர்ந்தது. ஒப்பந்தக் கூலிகளும் சிறு வியாபாரிகளுமாக வந்த ஒரு சமூகத்துக்கு அது எவ்வளவு பெரிய பணம் என்று யோசித்துப் பாருங்கள். 1929-ல், அவர் கிளம்பிய பிறகு, திறந்தார்கள். சாஸ்திரி கல்லூரி என்று பெயர், உண்மையில் உயர்நிலைப் பள்ளி, ஆசிரியர் பயிற்சியும் அங்கே நடந்தது. பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இந்தியாவிலிருந்தே போனார்கள்.

அந்தக் கட்டடத்தின் கதை அதோடு முடியவில்லை. 1936-ல் மேபல் பாமர் என்ற அம்மையார், வெள்ளையர் அல்லாதவர்களுக்குப் பல்கலைக்கழக வகுப்பு நடத்தத் தொடங்கினார். இடம் எங்கே கிடைத்தது? சாஸ்திரி கல்லூரியில், பள்ளி இல்லாத நேரங்களில். இஸ்மாயில் மீர், ஜே. என். சிங் என்று நெல்சன் மண்டேலாவோடு சட்டக் கல்லூரியில் படித்து, அவரோடு சேர்ந்து போராடிய இருவரும் சாஸ்திரி கல்லூரிப் பையன்கள்தான். மிதவாதி கட்டிய பள்ளியிலிருந்து போராளிகள் வந்தார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை, படிப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் தங்கள் வழியைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும், அவரை நேசிக்கிறவன் என்பதாலேயே சொல்கிறேன். அந்தக் காலத்து இந்தியத் தலைவர்கள் பலரையும் போல, இந்தியர் பிரச்சினையை ஆப்பிரிக்கர் பிரச்சினையோடு சேர்க்காமல் தனியாகவே வைத்துப் பேசினார். அது பெரிய குறை. 1936-37-ல் மலாயாவுக்குப் போய்த் தோட்டத் தொழிலாளர் நிலையைப் பார்த்து எழுதிய அறிக்கையில், குறைக்கப்பட்டிருந்த கூலியைப் பழையபடி ஆணுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட் ஆக்கச் சொன்னார், நல்லது. ஆனால் அங்கிருந்த நம்மவர்கள் அந்த அறிக்கையில் மனம் நொந்தார்கள், துரைமார் தரப்புக்கு அதிகம் காது கொடுத்துவிட்டார் என்று. அவர்கள் கோபத்தை நான் மறுக்க மாட்டேன். டர்பனில் மக்களோடு மக்களாக ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தார். மலாயாவில் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். அந்த வித்தியாசம்தான் என்று எனக்குப் படுகிறது.

1946 தொடக்கத்தில் சென்னை வந்த காந்தி, ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சாஸ்திரியைப் போய்ப் பார்த்தார். ஏப்ரல் 17-ஆம் தேதி சாஸ்திரி காலமானார். இரண்டே மாதத்தில், ஜூனில், டர்பன் இந்தியர்கள் புதிய நிலச் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதற்காகத்தான் இந்தக் கூட்டத்துக்கே ஒப்புக்கொண்டேன். டர்பனில் சாஸ்திரி கல்லூரி இன்றும் நடக்கிறது, இன்று எல்லா இனத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கலாம். இந்தக் கூட்டத்தில் வலங்கைமான், கும்பகோணம் பள்ளி ஆசிரியர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டு அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். உங்கள் பள்ளியின் பெயருக்குச் சொந்தக்காரர் எங்கள் ஊர்க்காரர், எங்கள் ஊர் இப்படி இருக்கும், உங்கள் ஊர் எப்படி என்று கேட்டு எழுதட்டும். தபால் செலவு என்னுடையது. கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கிறேன், பள்ளியின் பெயரையும் உங்கள் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.