ஹெரால்டை விக்கிறதா, வெச்சுக்கிறதா?

வணக்கம் மக்களே. இன்னைக்கு வீடியோல வேலை எதுவும் கிடையாது, பேச்சு மட்டும்தான். புதுசா வந்தவங்களுக்காகச் சொல்லிடறேன். எனக்குப் பின்னாடி கதவு இல்லாம, மூக்கு இல்லாம நிக்குதே, அது 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ரெண்டு கதவு கார். கழட்டினது நான்தான், இன்னும் மாட்டி முடிக்கல. போன வாரம் சேலம் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் போன் பண்ணாரு. "எப்படி இருக்கோ அப்படியே எடுத்துக்கறேன், லாரி நானே கொண்டு வர்றேன், ஒண்ணரை ரூபா தர்றேன்"ன்னாரு. ஒண்ணரைன்னா லட்சம்.

அம்மாவுக்கு இதுல எந்தக் குழப்பமும் இல்ல. "கொடுத்துத் தொலைடா, ரெண்டு ஸ்கூட்டியும் மழையில நிக்குது"ங்கறாங்க. கமெண்ட்ல பாத்தா பாதிப் பேரு "வித்துராதண்ணா", மீதிப் பேரு "வித்துட்டு ஆர்எக்ஸ் நூறு பைக் வாங்குங்க". ஆர்எக்ஸ் நூறு வாங்கச் சொல்றவங்களுக்கு எந்தக் கேள்வி கேட்டாலும் அதே பதில்தான், விடுங்க.

இருங்க, கேமராவைக் கையில எடுத்துக்கறேன். நிலைமையை முதல்ல பாருங்க.

இது சேஸிஸ். நடுவுல முதுகெலும்பு மாதிரி ரெண்டு பீம் ஓடுது, அதுலேர்ந்து பக்கவாட்டுல கை கையா வருது பாருங்க, இதுக்கு அவுட்ரிகர்னு பேரு. ஹெரால்டு துருப்பிடிக்க ஆரம்பிக்கிறதே இங்கதான். இது நாலையும் புதுசா வெட்டி வெல்டிங் பண்ணியாச்சு, கறுப்பு அடிச்சாச்சு. பின்பக்க பாடி மேல உக்காந்துருக்கு. டேஷ்போர்டு வர்ற முன்பகுதியும் உக்காந்துருக்கு. இஞ்சின் அந்த லாரி டயர் மேல. 948 சிசி, நாலு சிலிண்டர், லேத் வேலை, போரிங் எல்லாம் முடிஞ்சு பூட்டி வெச்சிருக்கு. கியர்பாக்ஸ் ஓகே. பானெட் செவுத்துல சாஞ்சிருக்கு. இந்த வண்டியில பானெட்னா மூடி மட்டும் இல்ல, ரெண்டு மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேந்து மொத்தமா முன்னாடி கவுந்துரும். முன் டயர் மேலயே உக்காந்துக்கிட்டு இஞ்சின் வேலை பாக்கலாம். வேற எந்தக் காரும் மெக்கானிக் இடுப்பு மேல இவ்வளவு கரிசனம் காட்டி நான் பாத்ததில்ல.

மத்ததெல்லாம் அந்தப் பெட்டிங்கள்ல. பிரச்சினை அங்கதான் இருக்கு.

கொஞ்சம் பழைய கதை சொல்றேன், அப்பதான் இது புரியும். இங்கிலாந்துல ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செஞ்சு கொடுத்துட்டு இருந்த கம்பெனியை 1953-ல போட்டிக் கம்பெனி பிஎம்சி வாங்கிருச்சு. அவங்க கொண்டு வர இருந்த புதுக் காரான ஹெரால்டுக்கு முழு பாடி செஞ்சு தர ஆள் இல்ல. அதனால பாடியைத் துண்டு துண்டா வேற வேற இடத்துல செஞ்சு, சேஸிஸ் மேல போல்ட் போட்டு மாட்டற மாதிரி டிசைன் பண்ணாங்க. வரைஞ்சது இத்தாலிக்காரர் மிக்கலாட்டி. 1959-ல அங்க வந்துச்சு. 1961-லேர்ந்து இங்க நம்ம வண்டலூர் பக்கத்து ஃபேக்டரியில செஞ்சாங்க. நான் இருக்கறது முடிச்சூர். இந்த வண்டி பொறந்த இடத்துக்கும் இந்த ஷெட்டுக்கும் ஸ்கூட்டியில கொஞ்ச நேரந்தான்.

அந்த போல்ட் சமாச்சாரத்தாலதான் என்னை மாதிரி ஆளு வீட்டு ஷெட்டுல வெச்சு இதைக் கழட்ட முடியுது. கூரையைக் கூடத் தனியா தூக்கிரலாம். ஆனா திரும்பி மாட்டறப்பதான் தெரியும். ஒவ்வொரு துண்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல சின்னச் சின்ன தகடு வெச்சு மட்டம் பண்ணியிருப்பாங்க. எந்த போல்ட்டுக்கு அடியில எத்தனை தகடுங்கறது வண்டிக்கு வண்டி மாறும். அதுல கொஞ்சம் பிசகினா கதவு மேல இடிக்கும், கீழ விரல் நுழையும். கழட்டினப்ப நான் படம் எடுத்தேன், பெட்டி மேல எழுதினேன். ஆனா என் கையெழுத்தும் என் கணக்கும் எனக்குத்தான் புரியும். "மு.இ.2, பெருசு மேல"ன்னு எழுதியிருக்கு. சேலத்துக்காரருக்கு இது என்னன்னு தெரியுமா? அவர் எவ்வளவு நல்ல மெக்கானிக்கா இருந்தாலும் தெரியாது.

அரைகுறையா நிக்கிற வண்டிக்கு விலை விழறது துருவால இல்ல, இதாலதான். வாங்கறவர் சாமானுக்குக் காசு தருவாரு. எது எங்க போகணும்ங்கற ஞாபகத்துக்குத் தர மாட்டாரு. நான் இதுவரைக்கும் வண்டி விலையோட சேத்து நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல போட்டிருக்கேன். "நாலு போட்டுட்டு ஒண்ணரைக்கா தர்றது?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. அந்த நாலை நான் கணக்குலயே எடுக்கல. வெச்சுக்கிட்டாலும் அது திரும்பி வராது, வித்தாலும் வராது. இன்னிலேர்ந்து முடிக்கறதுக்கு எவ்வளவு ஆகும், முடிச்சா கையில என்ன இருக்கும், அது மட்டும்தான் கேள்வி.

ஆகப்போற செலவுல பெருசு பெயின்டிங். டிங்கரிங், பட்டி, ப்ரைமர், கலர்னு நல்ல பூத்துல கேட்டா ரெண்டு லட்சம்ங்கறாங்க. அடுத்தது சீட்டு, உள்பக்கத் துணி. கண்ணாடி ரப்பர், ஒயரிங், பிரேக் இதெல்லாம் அதுக்கு அப்புறம். இப்ப ஊரெல்லாம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வேற, பழைய ரப்பர் குழாய், பம்ப் டயாஃப்ரம் எதையும் நம்ப முடியாது, அத்தனையும் மாத்தணும். சாமான் கிடைக்குமான்னா, இங்கிலாந்துக் கம்பெனி அஞ்சு லட்சத்துக்கும் மேல செஞ்சு வித்த வண்டி, அங்க சாமானை இன்னிக்கும் புதுசா செஞ்சு விக்கறாங்க. கஸ்டம்ஸ் கட்டினா வீட்டுக்கே வரும். ஆனா இந்தியாவுல மட்டும் வந்த உருப்படிங்க இருக்கு பாருங்க, அதுக்கு புதுப்பேட்டை பழைய சாமான் கடைங்களையும் அதிர்ஷ்டத்தையும்தான் நம்பணும். நாலு கதவு ஹெரால்டுங்கறதே நம்ம ஊர்ல மட்டும் செஞ்சது. அதுக்கப்புறம் 1972-லேர்ந்து கெசல்னு விட்டாங்க. 1985-ல ஸ்டாண்டர்டு 2000-ன்னு ஒரு பெரிய கார், மூணு வருஷத்துல கதை முடிஞ்சு ஃபேக்டரியையே மூடிட்டாங்க.

சேலத்துக்காரரைப் பத்தி. தப்பா சொல்லல, நல்லாத்தான் பேசினாரு. ஆனா அவர் கேட்ட கேள்வியைக் கவனிச்சேன். வண்டி ஓடுமான்னு கேக்கல. "டிஃப்ரன்ஷியல் தனியா இருக்கா, பின் கண்ணாடி உடையாம இருக்கா, பேட்ஜ் ஒரிஜினலா"ன்னு கேட்டாரு. பிரிச்சு விக்கப் போறாருன்னு எனக்குத் தோணுது. அதுல குத்தம் இல்ல. நாலு ஹெரால்டு ஓடணும்னா ஒண்ணு சாமானா போகத்தான் வேணும், நானே அப்படித்தான் வாங்கியிருக்கேன். ஆனா அவுட்ரிகர் புதுசா போட்ட சேஸிஸ், போரிங் முடிஞ்ச இஞ்சின், இது காயலான் கடைக்குப் போற ரகம் இல்லையே.

சரி, இதெல்லாம் ஆசை சம்பந்தப்பட்டது. எனக்கு முடிவு எடுக்க உதவினது பேப்பர்.

ஆர்.சி. என் பேருல இருக்கு. ஆனா காலாவதி. பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆன சொந்த வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும் இல்லையா, அதுக்கு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸ் கொண்டு போய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி நிறுத்தணும். பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போக முடியாது. ஆர்.சி. உயிரோட இல்லாம பேர் மாத்தவும் முடியாது. அதனால சேலத்துக்காரர் சொன்னது என்னன்னா, "பேர் மாத்தற 29, 30 ரெண்டு ஃபார்முலயும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துருங்க, நான் பாத்துக்கறேன்." வாங்கறவர் பேரை எழுதாம, கையெழுத்து மட்டும் போட்டு ஓப்பன்ல கொடுக்கறது. ஊர்ல தினமும் நடக்கறதுதான்.

நான் மாட்டேன்னுட்டேன். காரணம் இருக்கு. 2018-ல நவீன் குமார்ங்கற கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு தெளிவாச் சொல்லியிருக்கு, ஆர்.சி. யார் பேருல இருக்கோ அவர்தான் சட்டப்படி ஓனர். வித்துட்டேன், அவர் இன்னொருத்தருக்கு வித்துட்டாருன்னு சொன்னாலும், பேர் மாத்தலைன்னா விபத்து நஷ்ட ஈடு பழைய ஓனர் தலையிலதான் வரும். இன்சூரன்ஸ் இல்லாத ஹெரால்டு, எவனோ பாதியில பூட்டி, எங்கயோ ரோட்டுல இறக்கி... எனக்கு எதுக்கு அந்த வம்பு?

இதைச் சொல்றப்பவே இன்னொண்ணும் சொல்லணும். இந்த வண்டியோட முன் சக்கரத்துல டிரன்னியன்னு ஒரு பித்தளை உருப்படி இருக்கு. கிட்ட வர்றேன், இதோ. ஸ்டியரிங் திரும்பறப்ப மேல இருக்கற இரும்பு இதுக்குள்ள மரையில சுத்தும். இதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில், இபி 90 அடிக்கணும். நம்ம ஊர்ல நிப்பிளைப் பாத்தவுடனே கிரீஸ் கன்னை வெச்சு அழுத்திருவாங்க. கிரீஸ் உள்ள காஞ்சு கட்டியாகி, தண்ணி இறங்கி, மரை துருப்பிடிச்சு, ஒரு நாள் பொட்டுனு உடையும். முன் சக்கரம் அப்படியே மடங்கிரும். இது தெரியாதவர் கையில போய், ஆர்.சி. மட்டும் என் பேருல இருந்தா, யோசிச்சுப் பாருங்க.

அதனால எனக்கு என்ன தெளிவாச்சுன்னா, விக்கறதா இருந்தாலும் வெச்சுக்கறதா இருந்தாலும் அடுத்து செய்ய வேண்டிய வேலை ஒண்ணேதான். வண்டி சொந்தக் கால்ல உருண்டு தாம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகணும். அதுக்கு இஞ்சின் உள்ள போகணும், பிரேக் பிடிக்கணும், லைட்டு எரியணும், கதவு மூடணும். பளபளன்னு இருக்கணும்னு பிரேக் இன்ஸ்பெக்டர் கேக்கப் போறதில்ல. ரெண்டு லட்ச ரூபா பெயின்டிங் இந்தக் கணக்குலேர்ந்து வெளிய போயிருச்சு. இருக்கற துருவைத் தேய்ச்சு ப்ரைமர் மட்டும் அடிக்கறேன். ஷோவுக்குக் கொண்டு போறதெல்லாம் பணம் இருக்கறவங்க பாத்துக்கட்டும்.

அம்பது வருஷம் தாண்டின வண்டிக்கு வின்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன்னு 2021-ல ஒரு விதி வந்துச்சு, நம்பர்ல விஏ-ன்னு வரும். அதைப் போடச் சொல்லி நிறைய பேர் எழுதியிருந்தீங்க. அதுக்கு முதல் தடவை 20,000 ரூபா, பத்து வருஷத்துக்கு. சாதாரண புதுப்பிப்புக்கு இருபது வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்டுல 10,000-ஆ ஏத்திட்டாங்க. காசு வித்தியாசம் பெருசு இல்ல. ஆனா வின்டேஜ் போட்டா தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயத்துக்குத்தான். நான் இதுல அம்மாவைக் கூட்டிட்டு குரோம்பேட்டை மார்க்கெட் போகணும்னு ஆசைப்படறவன். எனக்கு அது வேண்டாம். மாருதி இஞ்சினை உள்ள தூக்கி வைங்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அதுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி தனியா வாங்கணும். வின்டேஜ் பதிவுக்கோ இஞ்சினும் பாடியும் மாறாம ஒரிஜினலா இருக்கணும். பின்னாடி வாங்க வர்றவருக்கு அந்த வழியை நான் ஏன் அடைக்கணும்?

ஓடற, பேப்பர் உயிரோட இருக்கற ஹெரால்டை வாங்கறதுக்கு வர்ற ஆளே வேற. அப்ப ஒருத்தர் வந்து, ஓட்டிப் பாத்து, இதைக் கவனிச்சுக்குவாருன்னு எனக்குத் தோணினா, பேசலாம். கதவைச் சாத்தல. ஆனா பெட்டியில போட்டு யாருக்கும் தர்றதா இல்ல. சேலத்துக்காரருக்கு நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டேன். "சரி தம்பி, டிஃப்ரன்ஷியல் மட்டும் தர்றீங்களா?"ன்னாரு. பாத்தீங்களா?

அம்மாவுக்கும் ஒரு வழி பண்ணணும் இல்ல. அந்தப் பக்கம் பிளாஸ்டிக் ஷீட்டு போட்டு மூடியிருக்கே, அது சாமானுக்காக வாங்கின நாலு கதவு ஹெரால்டு, மார்க் த்ரீ மாடலோட பாடி. அதுலேர்ந்து எனக்கு வேணும்ங்கறதை எடுத்துட்டேன். அதை விக்கறேன். நாலு கதவும் நல்லா இருக்கு, கூரையில துரு இல்ல, தரை போயிருச்சு, மறைக்கல. அதோட பேப்பரையும் நேரா முடிச்சுட்டுத்தான் தருவேன், அதுவரைக்கும் அட்வான்ஸ் கூட வேண்டாம். நாலு கதவு ஹெரால்டு வெச்சிருக்கறவங்க இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, அவங்களுக்குத்தான் முதல்ல. எடுத்துட்டுப் போனா ஸ்கூட்டி உள்ள வந்துரும். பின் பம்பரை மட்டும் கேக்காதீங்க, அது எனக்கு வேணும்.