ஒரு அணாக் கொசு

(வண்ணாரப்பேட்டைப் படிப்பகம் ஒன்றில் பேசியது)

அவைத் தலைவர் அய்யா அவர்களே, வேறு மூன்று நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்து, இன்றும் முன்வரிசையில் உட்கார்ந்து என் தமிழில் பிழை பிடிக்கக் காத்திருக்கும் தலைமையாசிரியர் அய்யா அவர்களே, நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய காசிமேட்டு அண்ணனுக்கும் நன்றி. இந்த வெயிலில் அதைக் கழற்றி வைத்ததற்கு மன்னிக்கணும்.

மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று கண்டுபிடித்த வெள்ளைக்கார டாக்டர் ரொனால்ட் ராஸ் பற்றி மூன்று விஷயம் சொல்லப் போகிறேன்: அவருடைய மருத்துவம், அவர் எழுதிய கவிதை, இத்தாலிய விஞ்ஞானி கிராசியோடு அவர் போட்ட சண்டை.

1857இல் மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்று நாள் கழித்து, அல்மோராவில் பிறந்தவர் ராஸ். அப்பா ராணுவ அதிகாரி. பிள்ளைக்கோ எழுத்தாளராகும் ஆசை. அப்பா சொல் கேட்டு டாக்டருக்குப் படித்து, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். போட்ட இடம் நம் மெட்ராஸ் மாகாணம்.

1883இல் பெங்களூரில் இருக்கிறார். பங்களாவில் கொசுத்தொல்லை தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. எட்டிப் பார்த்தால் புழு நெளிகிறது. கவிழ்த்துவிட்டார், அவ்வளவுதான்! கொசு குறைந்துபோச்சு. மனுஷன் துள்ளிக்கொண்டு, படையின் நிர்வாகம் பார்க்கும் அதிகாரியான அட்ஜுடண்டிடம் ஓடினார். "அய்யா, அதிகாரிகள் மெஸ்ஸில் பூஜாடி, தகர டப்பா எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கிறது, கொட்டிவிடலாமா?" என்றார். அட்ஜுடண்டுக்குக் கோபம். "கொசுவையும் ஏதோ காரணத்தோடுதான் படைத்திருக்கிறது. இயற்கை ஏற்பாட்டைக் கெடுக்காதே, பொறுத்துக்கொள்" என்று விரட்டிவிட்டார். (சிரிப்பு) சிரிக்காதீர்கள், அந்த அட்ஜுடண்ட் செத்துப்போகவில்லை. எங்கள் குடியிருப்பில் மேல்மாடியில் இருக்கிறார். தொட்டி மூடி காற்றில் பறந்து மாதக்கணக்காகிறது. கேட்டால், "மழைத்தண்ணி விழுந்தா நல்லதுதானே சார்" என்கிறார்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. சிகந்திராபாத்தில் ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசு கடிக்கவிட்டார் ராஸ். கடித்த கொசு ஒன்றுக்கு ஒரு அணா கூலி. 1897 ஆகஸ்ட் 20 அன்று அப்படிக் கடித்த ஒரு கொசுவின் வயிற்றைப் பிளந்து பார்க்கையில், சுவரில் கருநிறத் துகள்களோடு வட்ட வட்டமான செல்கள். தேடிக்கொண்டிருந்த மலேரியாக் கிருமி! விஷயம் சூடு பிடித்த நேரத்தில் ராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ராணுவம் ராணுவம்தான். அப்புறம் 1898இல் கல்கத்தாவில் மலேரியா பிடித்த பறவைகளை வைத்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போவதைக் காட்டினார். 1902இல் நோபல் பரிசு. ஒரு அணாவில் தொடங்கிய வேலை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சொன்னேனே!

கவிதைக்கு வருவோம். தலைவர் அய்யா கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, கவிதையும் சண்டையும் அடுத்த கூட்டத்தில்.

இப்போது மொட்டைமாடிக்கு வாருங்கள். நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் கொசு அனாபிலிஸ் ஸ்டீபன்சி. சாக்கடையை மட்டும் திட்டிப் பயனில்லை, அதற்குப் பிடித்தது நாம் குடிக்கிற நல்ல தண்ணீர்: கிணறு, மேல்நிலைத் தொட்டி. போன மாதம் நானே ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். மற்ற கொசுப்புழு தலைகீழாகத் தொங்கும். இது தண்ணீர்மட்டத்தோடு, துரும்பு மாதிரி படுத்துக்கிடக்கும். நிழல் பட்டதும் சரேலென்று கீழே போகும். என் வீட்டுத் தொட்டியிலேயே ஏழெட்டு கிடந்தது. மாநகராட்சிப் பணியாளர் வரட்டும் என்று இருக்கலாமா? ஒரு தட்டையான மூடி, நாலு பக்கம் கம்பி. கடுகளவு வேலை. மாமன்ற உறுப்பினர் அவர்கள் மேடையில் இருக்கும்போதே கேட்கிறேன், வார்டு முழுக்க மூடி போட ஒரு ஏற்பாடு செய்து தாருங்கள். (கைதட்டல்)

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் தொடங்குகிறோம். கம்பியும் குறடும் நான் கொண்டுவருகிறேன். நல்ல ஏணி யாரிடமாவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.