தொட்டியிலிருந்து தொழிற்சாலைக்கு

தங்கைகளே, வணக்கம்.

அழகுக்கலைப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்கள். அடுத்து கடை போட வேண்டும். சீட்டு எடுத்தால் எவ்வளவு வரும், நகையை அடகு வைத்தால் எவ்வளவு தேறும் என்ற கணக்கு இந்த நேரத்திலும் உங்கள் மனசில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் இரண்டு டாலர்கூட இல்லாத சேமிப்போடு இந்தத் தொழிலில் இறங்கிய ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வந்தேன். அமெரிக்காவின் கறுப்பினப் பெண் அவர். பெயர் சாரா பிரீட்லவ். ஊர் உலகம் அறிந்த பெயர், மேடம் சி. ஜே. வாக்கர்.

1867 டிசம்பரில் லூசியானாவில் ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். ஏழு வயதுக்குள் இருவரையும் இழந்தார். பதினான்கில் கல்யாணம். இருபதில் கணவர் இறந்தார், இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அண்ணன்மார் முடிதிருத்தும் கடை வைத்திருந்த செயின்ட் லூயிஸ் நகருக்குப் போய்த் துணி வெளுத்தார். நாள் முழுக்கக் குனிந்து துவைத்தால் ஒரு டாலருக்குச் சற்று மேல் கூலி. ‘வயதாகி முதுகு வளையாமல் போனால் என்ன செய்வாய், உன் பிள்ளையை யார் பார்ப்பார்கள்’ என்று அந்தத் துவைக்கும் தொட்டியின் முன்னால் நின்று தன்னையே கேட்டதாகப் பிற்காலத்தில் சொன்னார்.

அவருடைய தலைமுடியும் கொட்டத் தொடங்கியிருந்தது. வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லாத காலம். தலைக்குக் குளிப்பதே அபூர்வம், தேய்க்கக் கிடைத்ததோ காரம் மிகுந்த சோப்பு. உச்சந்தலை புண்ணாகி முடி உதிர்வது ஏழைப் பெண்களிடம் சாதாரணமாக இருந்தது. அதற்கு மருந்து தேடிப் பலதையும் பூசிப் பார்த்தார். ஆனி டர்ன்போ என்ற இன்னொரு கறுப்பினப் பெண் தயாரித்த கூந்தல் தைலத்தை முதலில் வீடு வீடாக விற்றவரும் இவரே. 1905-ல் டென்வருக்குப் போன பிறகும் சமையல் வேலையை உடனே விட்டுவிடவில்லை. சம்பளத்துக்கு ஒரு வேலை, மிச்ச நேரத்தில் விற்பனை. பிறகுதான் சொந்தமாகக் கந்தகம் கலந்த களிம்பு. தலையை அடிக்கடி அலசி, உச்சந்தலையைச் சுத்தமாக வை என்பதுதான் அவர் முறையின் அடிப்படை. முடியை நேராக்கும் சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. அந்தச் சீப்பு அவருக்கு முன்பே இருந்தது.

அவருடைய மூலதனம் எது என்று கேட்டால், சேமிப்பு என்று சொல்ல மாட்டேன். யாருக்கு விற்கிறோமோ அந்தப் பெண்களின் தலையில் என்ன வலி என்று அவருக்குத் தெரியும். அந்த வலியைத் தானும் பட்டவர். தேவாலயங்களிலும் வீட்டுக் கூடங்களிலும் பெண்களை உட்காரவைத்து, தலையை அலசிக் காட்டித்தான் விற்றார். 1906-ல் மணந்த கணவர் பத்திரிகை விளம்பரத் தொழில் தெரிந்தவர், உதவினார். ஆனால் நாளுக்குப் பத்து டாலர் வந்ததுமே அது போதும் என்று நின்றுவிட்டார். வாக்கருக்குப் போதவில்லை. 1910-ல் இண்டியானாபொலிஸில் தொழிற்சாலை. 1912-ல் அந்தத் திருமணம் முறிந்தது.

அதே 1912-ல் சிகாகோவில் கறுப்பின வணிகர் சங்க மாநாடு. தலைவர் புக்கர் டி. வாஷிங்டன், அந்தச் சமூகத்தின் பெரிய மனிதர். கூந்தல் தைலம் விற்பவரை மேடையேற்ற அவருக்கு மனமில்லை. வேண்டியவர் ஒருவர் பரிந்துரைத்தும் கண்டுகொள்ளவில்லை. கடைசி நாளில் வாக்கர் தன் இருக்கையிலிருந்து எழுந்தார். தெற்கின் பருத்திக் காட்டிலிருந்து வந்தவள் நான், அங்கிருந்து துவைக்கும் தொட்டிக்கு உயர்த்தப்பட்டேன், அங்கிருந்து சமையலறைக்கு, அங்கிருந்து இந்தத் தொழிலுக்கு என்னை நானே உயர்த்திக்கொண்டேன், என் நிலத்தில் என் தொழிற்சாலையைக் கட்டியிருக்கிறேன் என்றார். மறு ஆண்டு மாநாட்டில் அவர் அழைக்கப்பட்ட பேச்சாளர்!

தங்கைகளே, மனத்திடம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். வாக்கர் விழுங்கவில்லை, எழுந்து நின்று சொன்னார். அந்தத் தெம்பும் தனியாக வந்ததல்ல. செயின்ட் லூயிஸில் வெளுத்துப் பிழைத்த நாட்களில், தேவாலயப் பெண்கள்தான் அவருக்கு ஆதரவாக நின்றார்கள். படித்த பெண்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று அவர்களிடமே கண்டார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடை திறந்த முதல் வருடம் மிகவும் தனிமையான வருடம். வாடிக்கையாளர் வராத மாலையில் போன் போட்டுப் பேச நான்கு பேர் வேண்டும்.

அவர் செய்யத் தவறியது ஓய்வெடுப்பது. இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு. மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். சிகிச்சைக்குப் போவார், திரும்பி வந்ததும் பயணம் கிளம்பிவிடுவார். 1919 மே மாதம் இறந்தபோது வயது 51. நின்றே வேலை செய்யும் தொழில் நம்முடையது. காலும் இடுப்பும் வலித்தால் உட்காருங்கள், பிரஷரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது 1917-ல் பிலடெல்பியாவில் நடந்தது. தன் விற்பனைப் பெண்களை நாடெங்கிலுமிருந்து திரட்டினார், இருநூறு பேருக்கு மேல். அதிகம் விற்றவருக்குப் பரிசு உண்டு. தன் ஊர் நற்பணிக்கு அதிகம் கொடுத்தவருக்கும் உண்டு. அந்தக் கோடையில்தான் கிழக்கு செயின்ட் லூயிஸில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களைக் கொன்று வீடுகளைக் கொளுத்தியிருந்தார்கள். கூந்தல் பராமரிக்கக் கற்ற அந்தப் பெண்கள், கும்பல் கொலைகளைத் தடுக்கச் சட்டம் கொண்டுவாருங்கள் என்று அதிபர் வில்சனுக்குத் தந்தி அடித்துவிட்டுத்தான் கலைந்தார்கள்.