உலகத்துக்கு முழு மணி, வெள்ளவத்தைக்கு அரை மணி

வணக்கம் நேயர்களே. மனசில இருக்கிற ஏதாவது ஒண்டைப் பற்றிப் பேசுங்கோ எண்டு என்னைக் கூப்பிட்டவை, நானும் யோசிச்சுப் பாத்தன், அரசியல் பேச ஆக்கள் நிறைய இருக்கினம், சுகாதாரம் பேச டொக்டர்மார் இருக்கினம், அப்ப நான் எங்கட வீட்டில தினமும் நடக்கிற சண்டையைப் பற்றியே பேசுவம் எண்டு வந்திட்டன். சண்டை எனக்கும் டிவிக்கும்.

நாங்கள் இருக்கிறது கொழும்பு வெள்ளவத்தையில மூண்டாம் மாடி. முன் ஃபிளாட்டில ஒரு அன்ரி, எழுபது தாண்டிட்டுது, பிள்ளையள் ஒராள் கனடா ஒராள் லண்டன், அதால உலகச் செய்தி பாக்காட்டி அவவுக்கு நித்திரை வராது. முதன்முதல் அவ என்னட்டைக் கேட்ட கேள்வியே இதுதான்: "தம்பி, நான் எட்டு மணிக்குப் போட்டா எப்ப பாத்தாலும் பந்தடிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறாங்கள், செய்தி எங்க?"

நியாயமான கேள்வி. அவ பாக்கிற உலகச் செய்திச் சேனல்காரருக்கு மணிக்கூடு எண்டா கிரீன்விச் மணிக்கூடு. நாங்கள் அதுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு நிக்கிறம். அவங்கட முழு மணி எங்களுக்கு அரை மணி. தலைப்புச் செய்தி, அந்த டும் டும் மியூசிக், செக்கன் எண்ணுறது எல்லாம் எங்களுக்கு ஆறரைக்கும் ஏழரைக்கும்தான் வரும், எட்டு மணிக்குப் போட்டா பாதிச் செய்தி முடிஞ்சு வால்தான் கையில கிடைக்கும். உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியா, 1996இல கரண்ட் பிரச்சினைக்காக எங்கட மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினவங்கள், முதல்ல ஒரு மணித்தியாலம், பிறகு அதை அரை மணித்தியாலமாக் குறைச்சு, 2006 ஏப்ரல் வரைக்கும் ஆறு மணித்தியால வித்தியாசத்தில ஓடினது. அந்தப் பத்து வருசம்தான் நாங்களும் உலகமும் ஒரே நேரம் முழு மணி அடிச்ச காலம். இதை அன்ரிக்குச் சொன்னன், "அப்ப பழைய நேரத்துக்கு மாத்தினது பிழை எண்டு சொல்லுறீரோ" எண்டு என்னையே திருப்பிப் பிடிச்சா.

சரி, நேரம் அவங்கட நேரம். இடைவேளை ஆருடைய இடைவேளை?

1980 ஜூன் 1ஆம் திகதி அட்லாண்டாவில சிஎன்என் தொடங்கேக்க 24 மணித்தியாலமும் செய்தி எண்டது ஒரு புதினம். விளம்பரம் இல்லாமல் அது ஓடாது, விளங்குது. பிபிசி 1991இல வெளிநாட்டுக்கு டிவி தொடங்கேக்க அவங்கட உலக வானொலிக்கு அரசாங்கம் குடுத்த காசு டிவிக்குக் கிடைக்கேல்லை, உள்ளூர்ச் சனம் கட்டுற லைசன்ஸ் காசையும் அதுக்குத் தொடேலாது, அப்ப விளம்பரம்தான் வழி. அதாலதான் லண்டனில இருந்து பாக்கிறவைக்கு விளம்பரம் இல்லை, எங்களுக்கு இருக்கு. இதுவும் பரவாயில்லை. காசு குடுத்தவன் கதைக்கட்டும்.

எனக்குக் கோவம் வாற இடம் வேற. நான் கொஞ்சக் காலம் ஒரு செய்திப் பிரிவில வேலை செய்தனான், அதால உள்ளுக்கு நடக்கிறது ஓரளவு தெரியும். ஒரே நிகழ்ச்சி கனக்க நாட்டுக்கு ஒரே நேரத்தில போகுது, ஒவ்வொரு பக்கத்துக்கும் வேற வேற விளம்பரம் போடுறாங்கள், அப்ப எல்லாருக்கும் இடைவேளை ஒரே நிமிசத்தில தொடங்கி ஒரே நிமிசத்தில முடிய வேணும். ஐரோப்பாவில அந்த மூண்டு நிமிசத்தை ஆரோ காசு குடுத்து வாங்கியிருப்பான். எங்கட பக்கம் வாங்க ஆள் இல்லையெண்டா? இடைவேளை அப்பவும் வரும். வெறுமையா விடேலாது எண்டு தங்கட நிகழ்ச்சியின்ர புரமோவையே திரும்பத் திரும்பப் போடுவாங்கள். கடையில வியாபாரமே இல்லை, ஆனா கதவைச் சாத்தி "மதிய இடைவேளை" எண்டு போர்ட் மாட்டியிருக்கிற மாதிரி. அரசாங்கக் காசில ஓடுற சேனலும் இதைத்தான் செய்யுது. ஒருநாள் லைட் பில்லின்ர பின்பக்கத்தில கோடு போட்டு எண்ணினன், ஒரு மணித்தியாலத்துக்குள்ள ஒரே புரமோ ஏழு தரம். ஒட்டகத்தில ஒருத்தர் போறார், கிழவி ஒராள் சிரிக்கிறா, ஒரு குரல் "நாங்கள் ஆழமாகப் பார்க்கிறோம்" எண்டு சொல்லுது. ஏழு தரம்!

அதைவிட, அந்த "ஆழம்" வாறதுக்கு முன்னுக்கு என்ன நடந்தது எண்டு நினைக்கிறீங்கள்? பேட்டி குடுத்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஒராள் அப்பதான் விசயத்துக்கே வந்தவர், வாயைத் திறக்க முதல் "மன்னிக்க வேணும், நேரம் முடிஞ்சுது". நேரம் முடிஞ்சு போய்த்தான் ஒட்டகத்தைக் காட்டினவங்கள்.

2022 ஜூலை 9. அண்டைக்குச் சனிக்கிழமை. பெற்றோல் இல்லை, எங்கட கார் ஒரு மாதமாப் படுத்திருக்கு, ஜனாதிபதியைப் போகச் சொல்லிச் சனம் ரயிலைப் பிடிச்சும் லொறியில தொங்கியும் கொழும்புக்கு வருது. நாங்களும் அன்ரியும் ஒண்டா டிவிக்கு முன்னால, அவவின்ர வீட்டில இன்வேட்டர் இருக்கு. அந்தக் கிழமை உலகச் செய்திக்கும் நெருக்கடிதான், முதல் நாள்தான் ஜப்பானில முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டவங்கள், அதுக்கு முதல் நாள் பிரித்தானியப் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் விலகுறன் எண்டு அறிவிச்சவர், இதுக்குள்ள எங்கட முறை. ஜனாதிபதி மாளிகைக்குள்ள சனம் போயிட்டுது, ஒரு பெடியன் நீச்சல் தடாகத்துக்குள்ள குதிக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறான், அன்ரி கதிரை நுனிக்கு வந்திட்டா, படம் டக்கெண்டு மாறி ஒரு நாட்டின்ர கடற்கரை, மஞ்சள் குடை, "முதலீடு செய்யுங்கள்". எங்கட ஜன்னலால ஹெலிகொப்டர் சத்தம் கேக்குது, டிவியில கிட்டார் வாசிக்கிறாங்கள். "அவன் குதிச்சானோ இல்லையோ?" எண்டு அன்ரி கேட்டா. எனக்கு எப்பிடித் தெரியும்? திரும்பி வரேக்க தடாகம் நிரம்பச் சனம், அந்தப் பெடியன் அதுக்குள்ள எவன் எண்டே தெரியேல்லை. பிறகு ஆறரை தாண்ட விம்பிள்டன் பொம்பிளையளின்ர இறுதிப் போட்டி, கீழ எழுத்தில மட்டும் நாங்கள் ஓடிக்கொண்டிருந்தம்.

அந்தக் கீழ ஓடுற எழுத்துக்கும் ஒரு கதை இருக்கு. 2001 செப்ரெம்பர் 11 அண்டைக்குச் சொல்ல வேண்டியது கூடிப்போச்சு எண்டு அமெரிக்கச் சேனல்காரர் போட்டவங்கள், அந்த நாள் முடிஞ்ச பிறகும் அது ஓடிக்கொண்டே இருந்தது. இப்ப மேல ஒரு சிவப்புப் பட்டி, கீழ ஒரு பட்டி, மூலையில மணிக்கூடு, நடுவில வாசிக்கிறவரின்ர முகம் ஒரு தபால்முத்திரை அளவுக்கு. அன்ரி கண்ணாடியைக் கழட்டி மாட்டிக் கழட்டி, கடைசியில கண்ணை மூடிக்கொண்டுதான் கேப்பா.

கண்ணை மூடிக் கேக்கிறது எங்களுக்குப் புதுசில்லை. தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, பற்றரி இல்லை, சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோவைப் போட்டு பிபிசியின்ர தமிழ் நிகழ்ச்சி, லண்டன் தமிழோசை, கேட்டனாங்கள். அரை மணித்தியாலம், விளம்பரம் ஒண்டும் இல்லை. இடைவேளை வந்ததெண்டா சுத்துறவனுக்குக் கை உளைஞ்சிட்டுது எண்டு அர்த்தம், உடன ஒழுங்கையே சேந்து அவனைத் திட்டும், அடுத்தவன் ஓடிவந்து பிடிப்பான். 2017 ஏப்ரல் கடைசியில அதுவும் நிண்டுபோச்சு.

விளம்பரத்தை நிப்பாட்டுங்கோ எண்டு நான் கேக்கேல்லை. விக்காத நிமிசத்தில அந்த நேரடிப் படத்தைச் சத்தமில்லாமலாவது விடலாம் எண்டுதான் சொல்லுறன். ஒட்டகத்தை விட அது வடிவாத்தான் இருக்கும்.

அன்ரி இப்ப தானே ஒரு வழி கண்டுபிடிச்சிட்டா. இடைவேளை வந்த உடன எழும்பிப் போய்க் கேத்திலை வைப்பா, பிளேன்டீயோட திரும்பி வர மியூசிக் தொடங்கும், அளவெடுத்த மாதிரி. போன மாதம் லண்டன் மகன் கரண்ட் கேத்தில் ஒண்டு அனுப்பியிருக்கிறார். இப்ப ரெண்டாவது புரமோவுக்கே தண்ணி கொதிச்சிடுது, மிச்ச நேரம் முழுக்கக் கப்பைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டு திட்டுறா, எங்கட வீட்டுக்குக் கேக்குது.