நாளும் நேரமும் சொல்லும் செய்திகளும் நமக்கிருந்த இரண்டு மணி நேரமும்

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையில் முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன் நான். வகுப்பில் பிள்ளைகள் கேட்டதைவிட, வீட்டு வாசலில் வந்து சனங்கள் கேட்ட கேள்விதான் கூட: "சேர், கடல் திரும்பவும் வருமோ? எப்ப வரும்?" இன்றைக்கு அதைப் பற்றிக் கதைக்கவே வந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதம், கைத்தொலைபேசிகளில் ஒரு செய்தி சுற்றியது. வருகிற பௌர்ணமியன்று இந்தோனேசியாவில் பெரிய பூமியதிர்ச்சி, கடல் பொங்கும் என்று. திகதியும் போட்டு, நேரமும் போட்டிருந்தார்கள். உப்புவெளிப் பக்கம் என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தாய் இரவு எட்டு மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை. திறந்து காட்டினார். அடையாள அட்டைகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடகுச் சீட்டு, 2004 சுனாமியில் கடலோடு போன மூத்த மகனின் படம். படத்தை மட்டும் தனியாகப் பொலித்தீனில் சுற்றியிருந்தார்.

"சேர், இவர் நாளைக்குப் போட் இறக்கமாட்டன் எண்டு நிக்கிறார். மெய்யோ?"

"இல்லையம்மா, அப்படி ஒருத்தராலும் சொல்ல ஏலாது" என்றேன்.

"அப்பவும் ஒருத்தரும் சொல்லேல்லையே சேர்" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் குடும்பம் மூன்று நாள் கன்னியாவில் உறவினர் வீட்டில் இருந்தது. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. மற்றப் போட்டுகள் சூடை மீனோடு கரைக்கு வந்தன. இவர்களுக்கு மூன்று நாள் உழைப்பும் போனது, எரிபொருளுக்கு வாங்கிய கடனும் மிஞ்சியது.

பௌர்ணமி ஏன் என்று கேட்பீர்கள். சுனாமி வந்த 2004 மார்கழி 26 ஞாயிறு, போயா தினம், அதாவது பௌர்ணமி. அது எங்கள் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் 2011 மார்ச் 11இல் ஜப்பானில் 9 அளவில் நிலம் அதிர்ந்தபோது வானத்தில் இருந்தது பாதிகூட நிறையாத நிலா.

சரி, ஏன் நாள் சொல்ல முடியாது? ஒரு அரிசி மூட்டையை சைக்கிள் டியூப் துண்டால் கட்டி சீமெந்துத் தரையில் இழுத்துப் பாருங்கள். டியூப் நீளும், நீளும், மூட்டை அசையாது. பிறகு ஒரே குதி. குதிக்கும் என்பது நிச்சயம். எந்த நொடியில், எவ்வளவு தூரம் என்பதுதான் தெரியாது. எங்கள் பக்கத்துக் கடலடித் தட்டு, அதாவது பூமி மேலோட்டின் ஒரு பெரிய பாளம், இந்தோனேசியாவின் சுமாத்திராவுக்குக் கீழே வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் நுழைந்துகொண்டேயிருக்கிறது. அங்கேயும் இதே இழுபறிதான்.

கலிபோர்னியாவில் பார்க்ஃபீல்ட் என்ற சின்ன ஊர். 1857 முதல் 1966 வரை ஆறு தடவை, ஏறத்தாழ இருபத்திரண்டு வருடத்துக்கு ஒன்றாக அதிர்ந்த இடம். அடுத்தது 1993க்குள் வரும் என்று கணித்து, நிலமெங்கும் கருவி பூட்டிக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்ரெம்பரில். அவ்வளவு கருவி இருந்தும் முன்கூட்டித் தெளிவான அடையாளம் ஒன்றும் அகப்படவில்லை.

சீனாவின் ஹைசெங் நகரைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். 1975 பெப்ரவரியில் சிறு அதிர்வுகள் தொடர்ந்து வந்ததால் சனத்தை வெளியேற்றினார்கள், கனக்க உயிர் தப்பியது. உண்மைதான். ஆனால் அடுத்த வருடமே தாங்ஷானில் அப்படி எச்சரிக்கை எதுவும் இல்லாமல் அதிர்ந்தது. அரசு கணக்குப்படியே இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் இறந்தார்கள்.

மிருகங்களுக்குத் தெரியும் என்பார்கள். தெற்கே யால வனப் பூங்காவில் கழுத்துப் பட்டிக் கருவி பூட்டியிருந்த இரண்டு யானைகள் சுனாமி நேரம் எங்கே நடந்தன என்று ஆராய்ந்தார்கள். முன்கூட்டி ஓடியதற்கான அறிகுறி இல்லை.

இனி அந்தத் தாய்க்கான பதில். 2004இல் அன்று சுமாத்திராப் பக்கக் கடலடி அதிர்ந்தது எங்கள் நேரம் காலை ஏழு மணிக்குச் சற்று முன். இடம் இங்கிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். அலை எங்கள் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. உலகின் கருவிகள் அதிர்வைச் சில நிமிடங்களிலேயே பிடித்துவிட்டன. ஆனால் இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை, இங்கே திருகோணமலை டச்சு விரிகுடாவில் நின்றவருக்கு ஒரு சொல் வந்து சேரவில்லை. அதிர்ச்சியை முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் அலையைச் சொல்ல முடியும். அந்த இரண்டு மணி நேரம்தான் எங்களிடமிருந்து போனது. இதை நான் எத்தனை மேடையில் சொன்னேனோ தெரியாது, இன்னும் சொல்வேன்.

2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராப் பக்கக் கடலில் 8.6 அளவில் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, சனம் மேட்டுக்கு ஓடியது. கடலடி நிலம் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. வீணாக ஓடினோம் என்று சிலர் கோபப்பட்டார்கள். கோபப்படாதீர்கள், அடுத்த தடவையும் ஓடுங்கள்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி, இன்னும் ஒரு நிமிடம்தான் என்று ஒரு விரலைக் காட்டுகிறார். ஜப்பானின் செக்கன் கணக்கு எச்சரிக்கை பற்றிச் சொல்ல நினைத்தேன், அது இன்னொரு நாள். இதை மட்டும் கேளுங்கள். நிலம் நெடுநேரம் ஆடினாலோ, கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ, அறிவித்தலுக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போங்கள். உள்வாங்கிய இடத்தில் மீன் பொறுக்க இறங்க வேண்டாம். முதல் அலையோடு முடிந்தது என்று திரும்பவும் வேண்டாம், அடுத்தது பெரிதாக இருக்கலாம். அந்த அம்மாவின் பை நல்ல யோசனை. உங்கள் வீட்டுக் கதவடியிலும் ஒன்று தொங்கட்டும். வணக்கம்.